ஒரு மிதிக்கு இரண்டு அடி

2024 அக்டோபர் 3, வியாழன்

கோபம் வந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள், பிரஷர் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். பாதிக்கு மேல் காலியாக இருந்த மகள் ஷ்ருதியின் கல்லூரி நோட்டு ஒன்றை மாரீஸ்வரி எடுத்து வைத்தாள். "எங்க மேல எறியுததை எல்லாம் இனி இதுல எறிங்க" என்றாள். என் வீட்டுக்காரிக்கு வாய் ஒரு முழம் கூட.

சரி, எழுதுகிறேன். இன்று ஒரு பீகார்க்காரன் கழுத்தில் துண்டோடு பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிறான். துண்டு சக்கரத்தில் மாட்டினால் கழுத்தும் கூடவே போகும். இருபது தடவை சொல்லியாச்சு. பளாரென்று ஒன்று விட்டேன். துண்டு மறு நிமிஷம் பைக்குள் போய்விட்டது.

தாராவியில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன். தகடு அடிக்கிற ஆறு பவர் பிரஸ் மெஷின், ஒன்பது ஆள். பெல்ட்டுக்கும் ஸ்கூல் பைக்கும் பக்கிள் அடிக்கிறோம். இன்றுவரை ஒருத்தனுக்கு ஒரு நகம் போனதில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் போர்டு எழுதி மாட்டுகிறார்கள், மீட்டிங் போடுகிறார்கள். எனக்கு ஒரு அறை போதும். அந்தப் பயத்தில்தான் ஒன்பது பேருக்கும் பத்து விரல் இருக்கிறது.

எழுதிப் பார்த்தேன். பிரஷர் இறங்கினதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. மதியத்தோடு கரண்டை நிறுத்திவிட்டு எல்லா மெஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம்.

காலால் ஒரு மிதி மிதித்தால் டை என்கிற இரும்பு அச்சு ஒரு தடவை இறங்கித் தகட்டை அடிக்கும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் ஒரு கம்பி வலை உண்டு. வலை இறங்கியிருந்தால் தகடு மட்டும்தான் உள்ளே போகும், கை போகாது. மூன்றாம் நம்பர் வலையைத் துடைக்கத் தூக்கினால் கொக்கி தேய்ந்து, நிற்காமல் விழுகிறது. சாமி படத்துக்கு வாங்கின சிவப்புத் துணியில் ஒரு முழம் கிழித்து, தூக்கி மேல் கம்பியோடு கட்டு என்று பூலோகத்திடம் சொன்னேன். கட்டினான். பூலோகம் மூலைக்கரைப்பட்டிக்காரன், எட்டு வருஷமாக என்னிடம் இருக்கிறான். வாயில்லாத ஆள்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. ஆறு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மச்சினன் ராஜபாண்டி வாசலில் திருஷ்டிக்குத் தடியங்காய் உடைத்தான். கணக்கு, சரக்கு எல்லாம் பார்ப்பது அவன்தான், மாரீஸ்வரியின் ஒரே தம்பி. பைசான்கூடப் பொரிகடலை வாங்கி எல்லோருக்கும் பங்கு வைத்தான். பைசான் கடையநல்லூர்க்காரன், இருபத்தேழு வயது, என் பட்டறையிலேயே கை வேகமான ஆள்.

மூன்றாம் நம்பரின் சிவப்புத் துணிக்கும் யாரோ சந்தனம் வைத்து நடுவில் பொட்டும் இட்டிருக்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

வேலை தொடங்கியது. மூன்றாம் நம்பர் வலை மேலேயே கட்டிக் கிடக்கிறது. அவிழ்க்கட்டுமா என்று பூலோகம் கேட்டான். பூஜையில் வைத்ததைக் கையால் அவிழ்க்கக் கூடாது, தானாகக் கழன்று விழட்டும் என்றேன். ஊரில் அப்பா மோட்டார் ரூமில் கட்டின மஞ்சத்துணி அடுத்த வருஷம்வரை கிடக்கும்.

சாயந்தரம் ராஜபாண்டி கணக்கைக் காட்டினான். வலை இல்லாமல் மூன்றாம் நம்பரில் முந்நூறு பக்கிள் கூட வந்திருக்கிறது. "சாமி நல்ல இடத்துலதான் கட்டியிருக்கு அத்தான்" என்றான். சிரித்தேன். தீபாவளிக்கு முன்னால் போக வேண்டிய ஆர்டர் இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

பூலோகம் என் அறை வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். மூன்றாம் நம்பர் ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்குதாம். மிதி ஒன்று, அடி ரெண்டு. "கிளச்சுல ஸ்பிரிங் போயிருக்கும் மொதலாளி, மெக்கானிக்கை ஒருக்கக் கூப்பிட்டா" என்று இழுத்தான்.

மெக்கானிக் வந்தால் ஒரு நாள் போச்சு. இவன் போன வாரம்தான் முதுகுவலி என்று அரைநாள் போனவன். வேலைக்குக் கள்ளம் பார்க்கிறான் என்று தோன்றியது. எழுந்தேன், ஒன்று விட்டேன். அத்தனை பேரும் பார்க்கத்தான். சுவரில் போய் மோதினான். காதைப் பொத்திக்கொண்டு போனான்.

அவனை ஐந்தாம் நம்பருக்கு மாற்றி, மூன்றில் பைசானை உட்கார வைத்தேன். அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. வேலை செய்கிறவன் அப்படித்தான் இருப்பான்.

அக்டோபர் 18, வெள்ளி

வீட்டில் சோறு உப்பு. தட்டை எறிந்தேன். அதை ஏன் இதில் எழுத வேண்டும் என்று தெரியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பைசான். வலது கை. நாலு விரல்.

பதினொன்றரை மணி. முதலில் சத்தமே இல்லை. மெஷின் இரண்டாவது தடவை இறங்கின சத்தம்தான் கேட்டது. அப்புறம் அவன் எழுந்து நின்று கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் கூரைத் தகரம்வரை அடித்திருந்தது. பிறகுதான் கத்தினான். ஆடு வெட்டுகிற இடத்தில்கூட அப்படி ஒரு குரல் நான் கேட்டதில்லை.

டாக்ஸி அறுபதடி ரோட்டில் நெரிசலில் நின்றுவிட்டது. பூலோகம் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் பின்னால் ஓடினேன். டையைக் கழற்றிச் சுரண்டி எடுத்ததைப் பால் கவரில் ஐஸோடு வைத்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் கவரைத் திறந்து பார்த்தாள், திரும்ப மூடினாள். இதில் ஒட்ட வைக்க ஒன்றும் இல்லை என்றாள் ஹிந்தியில். நசுங்கிப் போய்விட்டது. பெருவிரல் மட்டும் நிற்கும்.

எப்படி நடந்தது? அவன் கவனிக்கவில்லை. வேறு எங்கேயோ பார்த்திருக்கிறான். அவ்வளவுதான்.

அக்டோபர் 23, புதன்

போலீஸ் வருவதற்குள் ராஜபாண்டி சிவப்புத் துணியை அறுத்துப் பட்டறைக்குப் பின்னால் வைத்து எரித்துவிட்டான். வலையை இறக்கிக் கம்பியால் முறுக்கினான். சாமி கட்டினதை இன்றைக்கு மட்டும் அவிழ்க்கலாம் போலிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வந்த போலீஸ்காரர் வலையைத் தட்டிப் பார்த்தார். வலை இருக்கும்போது கை எப்படிப் போயிற்று என்று கேட்டார். அவனே தூக்கியிருக்கிறான் சாப், வேகமாக வேலையை முடிக்க, என்றான் ராஜபாண்டி. போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எழுதிக்கொண்டு போனார்.

மதியம் மற்ற ஐந்து மெஷினும் ஓடியது. மூன்றில் உட்கார ஆள் இல்லை. ராஜபாண்டி ஒருத்தனைச் சட்டைக் காலரோடு இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தான். அவன் மிதிக்காமல் அழுதான். விடுலே அவனை என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 24, வியாழன்

ராஜபாண்டி ஒரு தாளோடு வந்தான். ஹிந்தியில் டைப் அடித்தது. 'முதலாளி பலமுறை கண்டித்தும் கேட்காமல் நானே என் இஷ்டத்துக்கு வலையைத் தூக்கினேன், யார் மேலும் புகார் இல்லை.' கீழே ஒரு கைரேகை, நீல மை.

"இதை எப்பம்ல வாங்கின?"

"காலையில ஆஸ்பத்திரியில. மயக்க ஊசி போட்டிருந்தாவ. கண்ணு பாதி திறந்திருந்துது. கையெழுத்துப் போடுத கையில்தான் ஒண்ணும் இல்லையே, அதான் இடது கைப் பெருவிரலை வச்சு எடுத்தேன். நர்ஸ் வரதுக்குள்ள துடைச்சுட்டேன் அத்தான், பயப்படாதிய."

தாளை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. பட்டறை போனால் ஷ்ருதி படிப்பு, வீட்டு லோன், ஒன்பது குடும்பம் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். ஒன்பதில் ஒரு குடும்பம் ஏற்கெனவே போயாச்சு, அதைக் கழிக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

பைசானின் அக்கா சாயிமா வந்தாள். அவளும் பக்கத்தில்தான், தோல் பை தைக்கிறவள். நேராக உள்ளே வந்தாள், காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள்.

முதல் அடி காதில். இரண்டாவது வாயில். உதடு கிழிந்தது. அப்புறம் எண்ணவில்லை. தடுக்கக் கையைத் தூக்கினால் கையில் அடித்தாள். அடிக்கும்போது சொல்லிக்கொண்டே அடித்தாள். "என் தம்பி பன்னெண்டு படிச்சவன்டா. மூணு பாஷையில கையெழுத்துப் போடுவான். அவனைக் கைநாட்டு ஆக்கிட்டியா? விரலை எடுத்தது பத்தாம மிச்சம் இருந்த விரல்ல மையும் தடவிட்டியா?"

பைசான் நகத்துக்கு அடியில் மை அழியாமல் இருந்ததாம். அவள் வாப்பா உதுமான் பார்த்திருக்கிறார்.

ராஜபாண்டி இரும்புக் கம்பியோடு ஓடிவந்தான். வாசலில் அவள் சித்தப்பா மகன்மார் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கம்பியைப் பிடுங்கி அவனை அதாலேயே அடித்தார்கள், முட்டியில், முதுகில். இரண்டாம் நம்பரின் பெல்ட்டை அறுத்தார்கள். டியூப்லைட் எல்லாம் உடைந்தது. பத்து நிமிஷம்தான். போகும்போது சாயிமா என் மேல் துப்பிவிட்டுப் போனாள்.

என் ஆட்கள் எட்டுப் பேரும் நின்றார்கள். ஒருத்தன் நடுவில் வரவில்லை. பூலோகம் கைகட்டி நின்று பார்த்தான். அடி வலிக்கவில்லை, அவன் நின்ற நிற்புதான் வலித்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

மாரீஸ்வரி இன்று பட்டறைக்கு வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் பூஜை நாள் தவிர அவள் வந்ததில்லை. செருப்படி வாங்கின கதை மாட்டுங்காவில் அவள் காய்கறி வாங்குகிற இடம்வரை போய்விட்டதாம். "அப்படி என்னதான் நடக்கு உள்ள, பாக்கேன்" என்று ஒரு ஸ்டூலைப் போட்டு மூலையில் உட்கார்ந்தாள். காலை பத்திலிருந்து ஆறு மணிவரை. டீ மட்டும் குடித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆளுக விறைச்சுப் போய் வேலை செய்கிறானுவ, எழுந்து போ என்று இரண்டு தடவை சொன்னேன். போகவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது சொன்னாள். "ஒண்ணு கவனிச்சேன். தகடு வைக்க முன்ன அவனுவ மெஷினைப் பாக்கல. ஒங்க ரூம் கதவைப் பாக்கானுவ. கதவைப் பாக்கான், கையை விடுதான். கதவைப் பாக்கான், கையை விடுதான். நீங்க வெளிய வந்தா மெஷின் ஓடுறப்பவே திரும்பிப் பாக்கானுவ. அஞ்சாம் நம்பர்காரன் ரெண்டு தடவை தப்பிச்சான். நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"ஒனக்கு என்ன தெரியும் மெஷினைப் பத்தி" என்று கத்தினேன். குழம்புச் சட்டியைத் தள்ளிவிட்டேன். அவள் துடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான்தான் துடைத்தேன். துடைக்கும்போது நினைவு வந்தது. இல்லை, அன்றிலிருந்தே நினைவு இருக்கிறது. எழுதவில்லை, அவ்வளவுதான்.

அன்று பதினொன்றரைக்கு நான் அறையிலிருந்து வெளியே வந்தேன். பைசான் காலுக்குக் கீழே எண்ணெய் சிந்திக் கிடந்தது. "ஏலே பைசான், கண்ணு என்ன பின்னால பொடதியிலயா இருக்கு" என்று கத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கை உள்ளே இருந்தது. மெஷின் இரண்டாவது தடவை இறங்கியது.

அவன் எங்கேயோ பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்க்கவில்லை. உதுமான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சாயிமா என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாள். உதுமான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெளியே வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் பைசான் உடம்பு தூக்கிப்போட்டது. கட்டு முழங்கைவரை.

என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன்தான் பேசினான். சத்தமில்லாமல், குறை சொல்கிற மாதிரிகூட இல்லாமல்.

"நாலஞ்சு நாளா டபுள் அடி அடிச்சுது மொதலாளி. பூலோகண்ணனை நீங்க அடிச்சதைப் பாத்தேன். சொன்னா எனக்கும் விழும்னு சொல்லல. ரெண்டாவது அடிக்கு முன்ன ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதை எண்ணிப் பழகிட்டேன். அன்னைக்கும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

எண்ணிக்கிட்டு இருந்தவனைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். பாவி.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்டான். அவனுக்கே தெரியாது. சொன்னேன். முழுவதும் சொன்னேன். "வலையை நானா தூக்கினேன்?" என்று மட்டும் கேட்டான். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 2, சனி

ராஜபாண்டியிடம் சொன்னேன், திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று.

"ஜெயிலுக்குப் போவிய. பட்டறையைப் பூட்டுவான். எங்க அக்கா தெருவுல நிக்கும்" என்றான். நிற்கட்டும் என்றேன். "துலுக்கப் பயலுக்காக" என்று ஒரு வார்த்தை சொன்னான். அதை முடிக்க விடவில்லை. மூக்கில் குத்தினேன். அவன் என் வயிற்றில் முட்டினான். மேஜை கவிழ்ந்தது. அவன் என் கழுத்தைப் பிடித்து டிராயர் மேல் அழுத்தினான், எனக்குக் கண் இருட்டியது. கையில் கிடைத்த டையை எடுத்து அவன் தோளில் அடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. விட்டுவிட்டான்.

தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். அவன் வாயில் ரத்தம். ஒரு பல் என் சட்டைப்பையில் கிடந்தது, அது எப்படி அங்கே வந்ததென்று தெரியவில்லை. "ஒங்களுக்காகத்தான அத்தான் பண்ணினேன்" என்று அழுதான். உண்மைதான். எனக்காகத்தான் பண்ணினான்.

இதையும் அடித்துத்தான் தீர்க்கத் தெரிந்தது எனக்கு.

நவம்பர் 3, ஞாயிறு

மாரீஸ்வரி தம்பியின் தோள்பட்டைக்குக் கட்டுப் போட்டு சான்பாடாவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இரவு ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போறதுன்னா நாளைக்கே போங்க. தள்ளிப் போட்டா போக மாட்டிய."

நவம்பர் 5, செவ்வாய்

போனேன். வலையைத் தூக்கிக் கட்டச் சொன்னது நான். மெஷின் பழுது என்று சொன்னவனை அடித்தது நான். தாள் மயக்கத்தில் வாங்கினது. மூன்றையும் சொன்னேன். அன்று வந்த அதே போலீஸ்காரர். பேனாவை வைத்துவிட்டு, "பைத்தியமா உனக்கு? கேஸ் முடிஞ்சு போச்சே" என்றார். எழுதுங்கள் சாப் என்றேன்.

நேற்று ராத்திரி உள்ளே இருந்தேன். இன்று ஜாமீன். உள்ளே ஒரு குடிகாரன் காரணம் இல்லாமல் என் கன்னத்தில் அறைந்தான். திருப்பி அடிக்கவில்லை. அடி வாங்கினவனுக்கு அடுத்த அடி எப்போது வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பே வராது. ராத்திரி பூராவும் அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில்தான் அது எனக்குத் தெரிந்தது.

நவம்பர் 9, சனி

பட்டறைக்குச் சீல் வைத்தாயிற்று. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. சாயிமா வந்து பார்த்துவிட்டுப் போனாளாம்.

டிசம்பர் 11, புதன்

போன வாரம் சீல் எடுத்தார்கள். என்ன என்ன செய்தால் மெஷினை ஓட்டலாம் என்று ஒரு இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாளைப் பார்த்தால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

வலை இறங்கினால்தான் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு ஸ்விட்ச். காலால் மிதிப்பது போய் இரண்டு கையாலும் பட்டன் அழுத்துகிற மாதிரி மாற்றினோம். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே விட மூன்றாவது கை கிடையாது. ஆறு மெஷினின் கிளச் ஸ்பிரிங்கையும் மாற்றினோம். கழற்றின மூன்றாம் நம்பர் ஸ்பிரிங்கைக் கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டாக ஒடிந்திருந்தது. சின்னச் சாமான். ஒரு மணி நேர வேலை.

மாரீஸ்வரி வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். தம்பியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 6, திங்கள்

மறுபடி ஓடத் தொடங்கியது. எட்டுப் பேரில் ஆறு பேர் வந்தார்கள். பூலோகம் வந்தான். ஏன் வந்தான் என்று தெரியவில்லை, மறுபடி மூன்றாம் நம்பரிலேயே உட்கார்ந்தான்.

எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஒவ்வொரு மெஷின் ஸ்விட்சுக்கும் ஒரு பூட்டு. சாவி அந்த மெஷின் ஓட்டுகிறவனிடம். சந்தேகம் வந்தால் நிறுத்திப் பூட்டலாம், என்னிடம் கேட்க வேண்டாம். இனி கை ஓங்க மாட்டேன். ஹிந்தியிலும் சொன்னேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தன்கூட நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பூட்டும் ஒரு தடவையும் விழவில்லை. ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. முன்னால் என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது பயமாக இருக்கிறது.

நானே சுற்றிப் பார்த்தேன். எண்ணெய் சிந்தின தரை, தோல் உரிந்த ஒயர், படிக்கட்டில் பாதி வழிக்கு மூட்டை. கேட்டால், ஆமாம் மொதலாளி, அது தீபாவளிக்கு முன்னமே அப்படித்தான் என்கிறான். தெரிந்திருக்கிறது. எல்லாவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பைசானுக்கான நஷ்ட ஈட்டைக் கோர்ட் சொல்கிற தேதிகளில் கட்ட வேண்டும். கோர்ட் வாசலில் பைசானைப் பார்த்தேன். உல்லாஸ்நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறானாம், இடது கையால். வேலைக்கு வருகிறாயா, மெஷின் வேண்டாம், மேல்பார்வை, என்று கேட்டேன். "அந்தச் சத்தம் கேக்க முடியாது மொதலாளி" என்றான். சாயிமா பக்கத்தில் நின்றாள். அவள் என்னை மன்னிக்கவில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது.

திரும்பி வந்து பட்டறையில் ஒருத்தன் தகட்டைத் தலைகீழாக வைத்ததைப் பார்த்தேன். கை தானாக மேலே போய்விட்டது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தான். கதவில் ஓங்கி அடித்தேன். கைமுட்டி கிழிந்து நாலு தையல். அவன் அழுதுகொண்டே எனக்குத் துணி கட்டிவிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

தையல் பிரித்தார்கள். அன்று எழுதினதோடு கை வீங்கி, எழுத வரவில்லை இவ்வளவு நாள். இடது கையால் எழுதிப் பார்த்தேன். ஒரு வரிக்கு மேல் முடியவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர். பதினோரு மணிக்கு அறையில் இருந்தேன், மூன்றாம் நம்பர் சத்தம் நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால் ஸ்விட்சில் பூட்டு தொங்குகிறது. பூலோகத்தைக் காணோம். எங்கே என்றேன். டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றார்கள்.

நாளைக்குப் போக வேண்டிய சரக்கு. எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. மழையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

கால் மணி நேரம் கழித்து நனைந்துகொண்டு வந்தான்.

"என்னவே" என்றேன்.

"ரெண்டு தடவை டபுள் அடிச்சுது மொதலாளி. பூட்டிட்டேன். மெக்கானிக்கு வாரான், போன் போட்டாச்சு."

"ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நனைந்த தலையைத் துடைத்தான். "சொன்னா, இன்னைக்கு மட்டும் ஓட்டிருன்னு சொல்லுவிய."

சொல்லியிருப்பேன்தான். அவனிடம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஆர்டர்காரனுக்குப் போன் போட்டு, சரக்கு சனிக்கிழமைதான் வரும் என்றேன். அவன் கத்தினான். என் தாயை இழுத்துத் திட்டினான். முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.